இரண்டு இடங்களில் தரவு இல்லை

பத்து மணிக்குச் சாலைக்காரர்கள் வருவார்கள்.
இப்போது எட்டரை.
கையால் வரைந்தால் நான்கு நாள் தின்கிற குழி:
கழுத்தளவு மண்ணில் ஏழு மதுத்தாழிகள்,
ஒன்று மட்டும் சாய்ந்து
பக்கத்துத் தாழியின் தோளில் தலை வைத்திருக்கிறது.

அலசானிச் சமவெளியில் அக்டோபர் வெயில்
இவ்வளவு கூராக இருந்திருக்க வேண்டாம்.
கேமராவுக்குப் பிடித்தது மூட்டமான வானம்.
நிழல் நகர்ந்தால்
தரையே நகர்ந்ததாகக் குழம்பிவிடும் அது.
நெஸ்தான் கறுப்பு வெள்ளைக் குறியட்டைகளை
விளிம்பெங்கும் ஆணியடித்தபடியே
சூரியனைத் திட்டுகிறாள்,
அதன் தாயாரையும் சேர்த்து.

மண்வாரி இயந்திரத்தின் ஓட்டுநர் ஜும்பெர்
சீக்கிரமே வந்துவிட்டான்.
இந்தக் குழியை இல்லாமல் ஆக்குவது அவன் வேலை.
அதுவரை வேறு வேலை இல்லாததால்
வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான்.
"நிழல்தானே வேணும்?" என்றான்.
திராட்சைக் கூடைகளை மூடுகிற தார்ப்பாயை
வண்டியிலிருந்து இழுத்துவந்து
ஒரு பக்கத்தை வேலிக்கம்பியில் கட்டி
மறுபக்கத்தைத் தலைக்குமேல் பிடித்து நின்றான்.

"ஆடாதே" என்றேன்.
ஆடவில்லை.

நான் சுற்றத் தொடங்கினேன்.
கோல் நுனியில் கேமரா, எட்டுக்கு ஒரு படம்.
ஒரு படம் கண்டதில் முக்கால் பங்கை
அடுத்ததும் காண வேண்டும்.
ஒரு படம் சொன்னால் வதந்தி.
இரண்டு சொன்னால் சந்தேகம்.
ஒரே கல்லைப் பல பக்கமிருந்து பார்த்தவர்கள்
ஒரே சொல் சொன்னால்தான்
கணினி கல் என்று ஒப்புக்கொள்ளும்.
குனிந்தேன், மண்டியிட்டேன்,
வயிறு மண்ணில் படப் படுத்து
தாழியின் வாய்க்குள் கையை விட்டுச் சொடுக்கினேன்.
நானூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் ஒரு தவளை இருந்தது.
நானூற்றுப் பதின்மூன்றில் இல்லை.
ஆகவே
அது ஒருபோதும் இல்லை.

பத்து மணிக்கு அவனே தார்ப்பாயை மடித்தான்,
அவனே வண்டியில் ஏறினான்.
வாளியில் கயிறு கட்டி மூன்று தாழிகளைத்
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கித் தந்தான்.
சாய்ந்திருந்தது வரவில்லை.
"எடுத்துட்டீங்களா?" என்று கத்தினான், எஞ்சின் சத்தத்துக்கு மேலே.
எடுத்துவிட்டோம் என்று கையசைத்தோம்.
எதை என்று அவன் கேட்கவில்லை.

                    ●

திபிலீசி. பிப்ரவரி.
அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை,
கணினியின் சூட்டில் கை காய்கிறேன்.
இரண்டு இரவு கணக்குப் போட்டு
குழியைத் திருப்பித் தந்திருக்கிறது அது.
மூன்று மில்லிமீட்டருக்குள் பிழை.
ஒற்றை விரலால் தள்ளினால் சுழல்கிறது.

அடியில் போய்ப் பார்க்கிறேன்.
யாரும் நிற்காத இடம் அது,
தாழி புதைத்தவர்கள்கூட.
வெங்காயத் தோலின் கனமும் இல்லாத பூமி.
கீழிருந்து பார்க்கையில்
பள்ளமெல்லாம் மேடு.
ஏழு தாழிகளும் ஏழு குன்றுகளாக
என்னை நோக்கிப் புடைத்திருக்கின்றன,
ஒன்று இன்னும் சாய்ந்தபடி.

மேலே வருகிறேன்.
வடக்கு விளிம்பில் ஒரு ஜோடி பூட்ஸ்.
ஆள் இல்லை.
முழங்கால்வரை கொஞ்சம் நீலத் துணி,
அதற்குமேல் பொரிபொரியாகச் சிதறி, பிறகு காற்று.
தோள் வலித்துக் கை மாற்றியிருப்பான்.
மூச்சு ஏறி இறங்கியிருக்கும்.
தாடை மிச்ச வெள்ளரிக்காயை மென்றிருக்கும்.
ஒன்றரை மணி நேரம்
சொன்ன சொல் காத்தவை கால்கள்தாம்.

அறிக்கைக்கு ஆகாது.
சுற்றி வளைத்து அழித்தேன்.
பூட்ஸ் போனது,
பூட்ஸ் வடிவில் இரண்டு ஓட்டைகள் வந்தன.
அவன் மிதித்து நின்ற மண்ணை
எந்தப் படமும் பார்த்ததில்லை.

ஓட்டைகளை நிரப்பட்டுமா என்கிறது மென்பொருள்.
சுற்றியுள்ள மண்ணைப் பார்த்து ஊகித்து
தையல் தெரியாமல் தைத்துவிடும். கெட்டிக்காரத்தனம்.
நெஸ்தானுக்குக்கூடத் தெரியாது.

வேண்டாம் என்று அழுத்தினேன்.

படம் பதினான்கு, அடிக்குறிப்பு:
வடக்கு விளிம்பில் இரண்டு இடங்களில் தரவு இல்லை.
நீளம், ஒவ்வொன்றும்,
இருபத்தொன்பது சென்டிமீட்டர்.